நஞ்சையை விற்று மணலை வாங்கியவர்

சுற்றுச்சூழல் தின விழாவில் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படி அச்சாகியிருந்தது: "இயற்கையின்பால் தீராக் காதல் கொண்டவரும், கடற்கரையில் ஆயிரமாயிரம் சவுக்குக் கன்றுகளைத் தம் கையால் நட்டு வளர்த்தவரும், அயராத உழைப்பின் இலக்கணமுமான வீரமங்கை திருமதி பங்கஜவல்லி அவர்கள்."

இதில் பெயர் சரி. 'திருமதி' தவறு, அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கன்று நட்டதாகச் சொன்னதும் தவறு; தம்பி வாசலில் வைத்துக் கொடுத்த செம்பருத்திகூட இவர் தண்ணீர் ஊற்ற மறந்து பட்டுப்போனது. இயற்கை என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூரான். மேடையில் 'அயராத உழைப்பு' என்ற இடத்தை வாசித்தபோது பங்கஜவல்லி ஒரு கொட்டாவியை முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தார். அயர்ச்சியை அளக்க ஒரு கருவி செய்தால், அதை அவர்மேல் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

அந்த அயர்ச்சிக்குக் காரணம் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. பிள்ளைக்குப் பரீட்சை உள்ளவர்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள், புருஷனுக்குப் பயப்படுவதாகச் சொன்னவர்கள் எல்லாரும் தங்கள் ராத்திரி முறையை இவர் பக்கம் தள்ளினார்கள். "ஒனக்கென்னடி, வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்கா?" என்பார்கள். தூக்கம் காத்துக்கொண்டிருக்கிறது என்று பதில் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்றபோது அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். படுத்தால் தூங்க வேண்டும். ஆனால் தூக்கம் கூப்பிட்ட காலமெல்லாம் இவர் போகவில்லை. இப்போது இவர் கூப்பிட, அது வரவில்லை.

வீடு இருந்த இடமும் ஒத்துழைக்கவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து தெற்கே வருகிற கடலோரச் சாலையை ஒட்டிய தெரு அது. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒரு மாதிரி உறுமும், அங்கிருந்து சுமையேற்றி வருகிற லாரி வேறு மாதிரி உறுமும். படுத்த இடத்திலிருந்தே எது காலி, எது பாரம் என்று சொல்கிற அளவுக்குப் பங்கஜவல்லி தேர்ச்சி பெற்றார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. பிறகு அது போகவில்லை. மறுநாள் முழுதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் மதியம், கருக்களாச்சேரியில் ஒரு மீனவப் பெண்ணுக்குக் காலில் கட்டு மாற்றிவிட்டு, மணல்வழியே குறுக்காகத் திரும்பி வந்தார். வழியில், சாலைப் பக்கமாக ஒரு சவுக்குத் தோப்பு. செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்ட உட்கார்ந்தார். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கன்னத்தில் சவுக்கு ஊசிகளின் அச்சு. இறந்துபோய்விட்டோமோ என்றுதான் முதலில் சந்தேகம் வந்தது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தோப்பின் இரைச்சல்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார். உயர்ந்த சவுக்கு மரத்தில் காற்று நுழைந்தால் ஓயாத ஒரு 'உஷ்ஷ்' கேட்கும். லாரிச் சத்தம் அதற்குள் போய்க் காணாமல் போய்விடும். அடுத்த நாள் ஒரு மடக்குக் கட்டிலோடு போனார். அதற்கடுத்த நாளும் போனார். மாடு மேய்க்கிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். "நர்சம்மா டூட்டிக்கு வந்துடுச்சு" என்று மாட்டை வேறு பக்கம் ஓட்டிப்போவார்கள்.

அந்தத் தோப்பு ஒரு சொல்தா குடும்பத்துடையது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பேரப்பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். வெட்டி விற்க ஆள் இல்லாததால் மரங்கள் இருபது வருஷமாகத் தாமே வளர்ந்து, பாதி தாமே செத்து, மிச்சம் தூண் தூணாக நின்றன. இந்தப் பக்கத்தில் சவுக்கை அழகுக்கென்று யாரும் வைப்பதில்லை. நாலைந்து வருஷத்தில் வெட்டுவதற்கென்றே வைப்பது. வெட்டாமல் விட்ட சவுக்கு, ஏலச்சீட்டுப் பணத்தை எடுக்க மறந்த குடும்பம் மாதிரி; ஊரில் அதைப் பற்றிக் கொஞ்சம் இளப்பமாகவே பேசுவார்கள்.

பிரான்சில் இருந்தவர்களுக்கும் ஒருநாள் ஞாபகம் வந்தது. மனை போடுகிற ஒருவர் வந்து கயிறு பிடித்து அளந்தார். பங்கஜவல்லி கட்டிலில் படுத்தபடியே பார்த்தார். மறுவாரம் தம்பியிடம் போய், சுரக்குடியில் தன் பங்குக்கு வந்த நஞ்சையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

தம்பி தமிழ்ச்செல்வன் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எந்த விஷயத்திலும் முதலில் கெட்டதைப் பார்த்துச் சொல்வதைக் கடமையாகக் கொண்டவர்.

"ஏன்க்கா, ரெண்டு போகம் வெளையிற நெலத்தை வித்துட்டு மணலை வாங்குறியா?"

"மணல் இல்லடா. தோப்பு."

"தோப்புல என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது. தூங்கலாம்."

"தூங்குறதுக்கு நெலம் வாங்குன ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் அதுக்குப் பாய் வாங்குவாங்க."

ஆனாலும் நஞ்சையை அவரே வாங்கிக்கொண்டார். பைத்தியக்காரத்தனத்தைக் கண்டிப்பதும் அதில் லாபம் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் நினைக்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பங்கஜவல்லிக்குப் பாராட்டுப் பத்திரமும் வந்திருக்காது, வேறு எதுவும் வந்திருக்காது. மறுவருஷம் கஜா புயல் வந்தது. ஊரில் ஓடு போனவர்கள் ஓட்டைத் தேட, இவர் கட்டிலைத் தேடிப் போனார். தோப்பு நின்றது. ஆனால் தெற்கே கொஞ்சம் தள்ளி, அதே வயது மரங்கள் உள்ள இன்னொரு தோப்பு அப்படியே மேற்கே தலைவைத்துப் படுத்திருந்தது. அதற்குக் கடல் பக்கத்தில் இருந்த தோப்பை அந்த வருஷம் ஆடியில்தான் வெட்டியிருந்தார்கள். முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால், பின்னால் பழக்கமில்லாமல் நின்ற மரங்கள் ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டன.

தன் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே யார் யார் நிலம் இருக்கிறது என்று பங்கஜவல்லி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். நான்கு தோப்புகள். நான்கு குடும்பங்கள். நான்கும் சம்சாரிக் குடும்பங்கள். எந்த நேரமும் செலவு வரலாம்.

வரவும் வந்தது. நல்லது கெட்டது நடக்கிற வீட்டில் முதலில் வெட்டப்படுவது சவுக்கு. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் சவுக்கு போகும். பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தால் போகும். அதுவும் போதாவிட்டால் நிலமும் மனைக்காரர் கைக்குப் போகும். முதலில் பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, "வெட்டிட்டு மனை போடக் குடுக்கலாம்னு இருக்கேன், மரம் விழுந்தா ஒங்க பக்கம் சாயாம பாத்துக்கச் சொல்றேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போக நினைத்தார். பங்கஜவல்லி பெருமூச்சு விட்டு, "நானே வாங்கிக்கிறேன்" என்றார். அதைக் காப்பாற்ற அதற்கடுத்தது, அதைக் காப்பாற்ற அதற்கும் அடுத்தது. ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஒரு தோப்பு பிழைத்தது என்றாகிவிட்டது. நகைகள் போயின. பென்ஷன்மேல் கடன் ஏறியது. அடுத்தவர் கஷ்டத்தில் நிலம் சேர்க்கிற பொம்பளை என்று தெருவில் ஒரு பேச்சும் கிளம்பியது. கஷ்டம் வந்தவர்கள் என்னவோ அவரைத்தான் முதலில் தேடிப்போனார்கள். மனைக்காரர் பேரம் பேசுவார், நர்சம்மா பேச மாட்டார். பேசுவதற்குத் தெம்பு வேண்டுமே.

இதில் வேடிக்கை, புதிதாக வாங்கிய தோப்பு எதிலும் அவரால் படுக்க முடியாது. கம்புக்காக வைத்த இளமரங்கள். பஸ்ஸில் நிற்கிற கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கட்டில் இருக்கட்டும், ஒரு பூனை படுக்க இடமில்லை. உயரம் போதாததால் அந்த இரைச்சலும் கிடையாது. தூக்கம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வேலி.

கடைசியாகக் கடலோரத்துத் தோப்பு விலைக்கு வந்தது. அது சிதம்பரநாதனுடையது. அவர் மனைவி ராஜத்துக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று தஞ்சாவூரில் தேதி கொடுத்திருந்தார்கள். மனிதர் வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதார். பங்கஜவல்லிக்கு யாராவது அழுதால் தானும் கொஞ்சம் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். சீக்கிரம் பேசி முடித்தார்கள். அடுத்த வாரமே பத்திரம் பதிவானது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சவுக்கு வளரும்போதே மர வியாபாரியிடம் அச்சாரம் வாங்கிக்கொள்வார்கள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. வியாபாரி வந்து தோப்பின் ஒரு மூலை மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்துவிட்டுப் போவார். பட்டை விழுந்தால் மரம் அவருடையது. நிலம் யார் கைக்கு மாறினாலும் சரி. அதனால் இங்கே நிலம் வாங்குகிறவர்கள் நான்கு மூலைக்கும் நடந்து பார்ப்பார்கள். முன்பு வாங்கிய தோப்புகளில் எல்லாம் பங்கஜவல்லியும் நடந்து பார்த்தார். இந்தத் தடவை மூன்று மூலை பார்த்தார். நாலாவது, கடலை ஒட்டிய மேட்டு மணலில் இருந்தது. மதிய வெயில். கால் புதையப் புதைய அவ்வளவு தூரம் ஏறி இறங்க அலுப்பாக இருந்தது. அங்கே அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று திரும்பிவிட்டார்.

பட்டை நாலாவது மூலையில்தான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, ரம்பம் சகிதம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பங்கஜவல்லி தம்பிக்கு போன் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, மர வியாபாரி அலாவுதீன் மொபெட்டை மணலில் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். அந்த வருஷம் மார்கழியில் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாற்றில் கூட்டத்தைக் கட்டி நிறுத்த வரிசைத் தடுப்பும் பந்தலும் போட ஏகப்பட்ட சவுக்கு வேண்டும். அதில் ஒரு பகுதி இவர் ஒப்புக்கொண்டது. சனீஸ்வரனுக்குக் கம்பு கொடுப்பதில் அலாவுதீனுக்குப் பரம்பரை உரிமை போல ஒரு பெருமை உண்டு.

"பாய், இது நான் வாங்குன தோப்பு."

"நெலம் வாங்குனீங்க நர்சம்மா, மாஷா அல்லாஹ். மரம் நான் வாங்குனது."

"பத்திரத்துல மாவடை மரவடை சகிதம், அதான் மரத்தோட சேத்துன்னு எழுதியிருக்கு."

"பத்திரம் எல்லாத்துலயும் அப்புடித்தாங்க எழுதும். கெணறே இல்லாத நெலத்துக்கும் கெணறு சகிதம்னு எழுதும். தண்ணியா எறைக்க முடியும்?"

சிதம்பரநாதனைக் கூட்டி வந்தார்கள். அவர் உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தார். "ஸ்கேன் எடுக்கையிலேயே அச்சாரம் வாங்கிட்டேன் நர்சம்மா. நான் மறைக்கலீங்க. அதான் பட்டை போட்டிருக்கே. பட்டையைப் பாத்துட்டுத்தான், மரம் போனாலும் நெலம் இருக்குன்னு வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

"நான் மரத்துக்குத்தான் நெலத்தை வாங்குனேன்."

"வாங்கி?"

"வாங்கி ஒண்ணுமில்ல. நிக்கட்டும்னு."

சிதம்பரநாதன் அலாவுதீனைப் பார்த்தார். அலாவுதீன் வானத்தைப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷி சொல்கிற காரணம் இவ்வளவு எளிமையாக இருந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது.

அதற்குள் தமிழ்ச்செல்வன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். பத்திர நகலை உறையோடு கொண்டுவந்திருந்தார். "அக்கா, நீ பேசாத. சட்டப்படி நெலத்தோட மரமும் ஒன்னுதுதான். ஸ்டேஷன்ல ஒரு பெட்டிஷன் குடுத்தா ரம்பத்தைத் தூக்கிட்டு ஓடுவானுங்க. இவுருகிட்ட என்ன காயிதம் இருக்கு?"

"எங்கிட்ட சுண்ணாம்புதான் இருக்கு தம்பி" என்றார் அலாவுதீன், கோபமில்லாமல்.

பங்கஜவல்லி மணலில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு யோசிக்க அவருக்கு வராது. தம்பி சொல்வது சரி. சட்டம் இவர் பக்கம். பட்டை செல்லாது என்று ஒருதடவை ஸ்டேஷனில் எழுதிவிட்டால் தோப்பு நிற்கும். அதன் பிறகு இந்தக் கரையில் எந்த வியாபாரியும் யாருக்கும் வெறும் வாய்ச்சொல்லுக்கு அச்சாரம் கொடுக்க மாட்டான். அடுத்த நெஞ்சுவலிக்காரன் ஸ்கேனுக்கு எங்கே போவான்? சிதம்பரநாதன் அச்சாரத்தைத் திருப்பித் தருவது நடக்காத காரியம். அது ஏற்கெனவே தஞ்சாவூருக்குப் போய்விட்டது. மரத்தை இவரே பாயிடமிருந்து வாங்கலாம் என்றால், விற்பதற்கு இவரிடம் இனி மூக்குத்திகூட இல்லை.

வெட்டவிட்டால்? ஐப்பசி வாசலில் நிற்கிறது. கடல் பக்கம் திறந்துவிட்டால் அடுத்தது சாயும், அதற்கடுத்தது சாயும், கடைசியில் கட்டில் கிடக்கிற தோப்பும் சாயும்.

"பாய்" என்றார். "இதை வெட்டாதீங்க. ரோட்டோரத்துத் தோப்பை வெட்டிக்குங்க."

அலாவுதீனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எது? நீங்க கட்டில் போட்டுருக்குற தோப்பா?"

"கட்டிலை எடுத்துக்குறேன்."

"நர்சம்மா, அது இருபது வருஷத்து மரம். இது கம்பு, அது தூணு. எடை போட்டா இதைவிட நாலு பங்கு நிக்கும். பந்தக்காலுக்கு அதைத் தூக்கிக் குடுத்துட்டு, கம்பை வேற எடத்துல பாத்துக்குவேன். எனக்கு லாபம். சொல்லாம வெட்டுனா ஹராம், அதான் சொல்லிப்புட்டேன்."

"சரி."

"என்ன சரி? பேரம் பேசுங்களேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"ஒங்களுக்கு அப்புடி இருந்தா, மிச்சத்துக்கு ஒண்ணு பண்ணுங்க. இங்க இருக்குற தோப்பு நாலுலயும் இனிமே நீங்க பட்டை போடக்கூடாது. வேற வியாபாரி யாரும் போடவும் விடக்கூடாது. நான் இருந்தாலும் செத்தாலும்."

அலாவுதீன் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, "வார்த்தை" என்றார். அந்தக் கரையில் அதற்குமேல் பதிவு செய்ய ஆபீஸ் இல்லை.

தமிழ்ச்செல்வனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆட்கள் ரம்பத்தோடு மேற்கே நடக்க ஆரம்பித்ததும் அக்காவின் பக்கத்தில் குந்தினார். "ஒனக்குப் புத்தி இருக்கா? தூங்குறதுக்குன்னு ஒண்ணை வாங்குன. அதைக் காப்பாத்த நாலை வாங்குன. இப்ப அந்த நாலைக் காப்பாத்த அந்த ஒண்ணை வெட்டச் சொல்ற. இதுல எது கணக்கு?"

"கடல் பக்கம் போச்சுன்னா அஞ்சும் போவும்டா. ரோட்டோரம் போனா அது மட்டுந்தான் போவும்."

"நடுவுல ஒண்ணைக் குடேன்."

"நடுவுல வெட்டுனா அதுக்கு மேக்க நிக்கிறதெல்லாம் சாயும். கடைசில நிக்கிறதுக்குப் பின்னால யாருமில்ல."

"நீ இருக்கியே. ஒன் கட்டில் இருக்கே. அந்த நாலுல ஒனக்குப் படுக்கக்கூட எடமில்லையே, எதுக்கு அதைப் போட்டுக் காப்பாத்துற?"

பங்கஜவல்லி முந்தானையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "வார்டுல சேத்தாச்சு" என்றார். "சேத்த பொறகு பாத்துத்தானே ஆவணும்." சொல்லிவிட்டுத் தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார்.

கட்டிலைத் தமிழ்ச்செல்வனே மடக்கி ஸ்கூட்டரில் குறுக்காக வைத்து, வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டு கொண்டுபோய் வீட்டில் சேர்த்தார். பங்கஜவல்லி உடனே போகவில்லை. முதல் மரம் விழுகிறவரை நின்றார். அது விழுந்தபோது, இத்தனை நாள் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடந்த சாலை ஓரிடத்தில் மட்டும் திறந்தது. ஒரு பார லாரி போவது தெளிவாகக் கேட்டது. அலாவுதீன் குடிக்கச் சோடா வாங்கி வரச் சொன்னார். வேண்டாம், நெஞ்சைக் கரிக்கும் என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்கு நடந்தார்.

ஐப்பசிக் காற்று வந்தது, கார்த்திகை மழை வந்தது. சிதம்பரநாதனிடம் வாங்கிய தோப்பில் முன்வரிசை மரங்கள் சில முறிந்தன. அதற்குப் பின்னால் ஒன்றும் சாயவில்லை. ராஜம் ஆபரேஷன் முடிந்து வந்து, மெல்ல நடக்கத் தொடங்கினார். மார்கழியில் திருநள்ளாற்றுப் பந்தலுக்குத் தூண் நன்றாக அமைந்ததாக எல்லாரும் சொன்னார்கள். பங்கஜவல்லி போய்ப் பார்க்கவில்லை. மடக்குக் கட்டிலைக் கூடத்தில் விரித்து, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துப் படுத்தார். டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வந்ததா என்று கேட்கிறவர்களிடம், "வரும், வரும். லாரியெல்லாம் போவட்டும்" என்றார்.

அடுத்த சுற்றுச்சூழல் தினத்துக்குத்தான் அந்தப் பாராட்டுப் பத்திரம் வந்தது; அதில் அச்சாகியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: வெட்டி மனை போட இருந்த ஐந்து சவுக்குத் தோப்புகளைப் பங்கஜவல்லி வாங்கினார். கடலோரத்தில் நான்கு நிற்பதற்காக, தான் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை வெட்டக் கொடுத்தார்.